இடது ஓரத்தில் ஒரு மங்கல்

விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் டிவியில் படம் இன்னும் நன்றாகத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியாது. உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும், இந்த நாற்காலியில் உட்காருங்கள்.

நான் இப்படிப் பட்டென்று சொல்லிவிட்டதில் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன். நுகர்வோர் புகார் அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள், கடைக்காரன் மழுப்புவான், சப்பைக்கட்டு கட்டுவான் என்று எதிர்பார்த்துத்தான் வருவார்கள். பேனாவைக் கையில் எடுத்தும் மூடியைக் கழற்றாமல் இருக்கிறீர்கள். என்னை நம்பவில்லை. தப்பில்லை, நானும் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் கிடையாது.

விஷயம் எளிது. செட்டாப் பெட்டியையும் டிவியையும் இணைக்கிற இந்த HDMI கேபிளில் படம் படமாகப் போவதில்லை, எண்களாகப் போகிறது. எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுசாக வரும். சேராவிட்டால் திரை கறுத்துப்போகும், விட்டு விட்டு வரும், பொட்டுப் பொட்டாக மின்னும். அதற்கு நடுவில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் வெளிறல், ஒரு பக்கம் மட்டும் இருட்டு என்பதெல்லாம் கேபிளால் வரவே வராது. சுவருக்குள் விட்டு அடுத்த அறை வரைக்கும் இழுப்பதென்றால் நல்லதாகப் பார்த்து வாங்க வேண்டும், அது வேறு. டிவிக்குக் கீழேயே செட்டாப் பெட்டி இருக்கிற வீட்டுக்கு, அதோடு சும்மா வருகிற கேபிளே போதும். ஒரு பக்கம் மட்டும் இருட்டு வராது என்றேன் இல்லையா, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

அப்படியானால் ஏன் விற்றாய் என்பீர்கள். பெரிய டிவி ஒன்றை வாங்குகிறவரின் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விலை பேசும்வரை ராஜா மாதிரி இருப்பார். அட்டையைத் தேய்த்து முடித்ததும் முகம் சுருங்கிவிடும். கடையில் இவ்வளவு நன்றாகத் தெரிகிறதே, வீட்டில் தெரியுமா, நம் தலையில் எதையாவது கட்டிவிட்டானா என்று ஒரு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்கு என்னிடம் மருந்து இருந்தது. கறுப்புப் பெட்டி, உள்ளே வெல்வெட், அதில் பின்னல் உறை போட்ட கேபிள், இரண்டு முனையிலும் தங்க முலாம். அதோ சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிவி மாட்டியிருக்கிறேன், பாருங்கள். ஒன்றில் சாதாரணக் கேபிள், இன்னொன்றில் இது. சாதாரணக் கேபிள் போட்டதில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறேன். இது குற்றமென்றால் துணிக்கடைக்காரர் போடுகிற விளக்கும் குற்றம்தான். எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

புகார் கொடுத்தது என் அண்ணி என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம்.

இந்தக் கட்டிடத்தை அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போனார். கீழே என் கடை. மாடியில் அண்ணனுடைய எடிட்டிங் அறை, அதற்குப் பின்னால் அவர்கள் வீடு. கல்யாண வீடியோக்களை வெட்டிக் கோத்துக் கொடுப்பது அவர் தொழில். மணப்பெண் அழுததைக் குறைத்து, சிரித்ததைக் கூட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எனக்கும் அவருக்கும் பகை ஒன்றும் இல்லை, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாக எதையாவது கற்பனை செய்துகொள்ளக் கூடாது.

ஒருநாள் வங்கி மேலாளர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். டிவி வாங்கியாகிவிட்டது, கறுப்புப் பெட்டியும் கைக்குப் போய்விட்டது. அண்ணன் டீ குடிக்க மாடியிலிருந்து இறங்கி வந்தார். பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“என்ன சார் இது, கேபிளா நகையா? எல்லாம் ஒண்ணுதான் சார். அதோ கூடையில கெடக்குதே, அதுல ஒண்ண உருவிட்டுப் போங்க. நாள் பூரா படத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறவன் நான், எனக்கே வித்தியாசம் தெரியாது.”

மேலாளர் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் போகிற போக்கில் என் முதுகில் தட்டி, “கோச்சுக்காதடா” என்றார்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமென்றால் கத்தித் தீர்த்துவிடலாம், வெட்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அண்ணன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால்கூட நான் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கழித்து, அவரே என்னைத் தேடிக் கீழே வந்தார்.

“டேய், மானிட்டர்ல இடது ஓரம் ஒரு மாதிரி மங்கலா இருக்கு. புகை படிஞ்ச மாதிரி. கொஞ்சம் வந்து பாரேன்.”

போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு குடும்பப் படம் நின்றிருந்தது. இடது ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒருவர். அவர் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியமாக இருந்தது.

“இவரையா சொல்றீங்க?”

“ஆமாடா. அங்க ஒரு ஆளு நிக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியுது.”

சொல்லிக்கொண்டே அவர் முகத்தை இடப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார். திருப்பிய பிறகுதான் நீலச் சட்டைக்காரர் அவருக்குச் சரியாகத் தெரிந்தார். அந்தத் திருப்பலை நான் பார்த்தேன். எங்கள் அப்பாவும் அப்படித்தான், வாசலில் யாராவது வந்தால் நேராகப் பார்க்க மாட்டார், முகத்தை ஒருக்களித்துப் பார்ப்பார். அதற்கு அப்புறம் அதுவும் இல்லாமல் போயிற்று. கடைசி வருஷங்களில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். அவரைக் கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போனது நானும் அண்ணனும்தான், முறை வைத்துக்கொண்டு.

ஒரு பக்கம் மட்டும் இருட்டு கேபிளால் வராது. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

“கேபிள்தாண்ணே,” என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். எல்லாம் ஒண்ணுதான் என்று ஊருக்கு உபதேசம் செய்தவர் ஆயிற்றே. ஆனால் அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“கேபிளா? நெஜமாத்தான் சொல்றியா? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்டா.”

எதற்குப் பயந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பயந்தவனுக்கு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் கேபிளை நீட்டினேன். கீழே போய் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துவந்தேன். மானிட்டருக்குப் பின்னால் குனிந்து மாட்டும்போது அப்படியே வெளிச்சத்தையும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன்.

“அடேங்கப்பா. பளிச்சுனு ஆயிடுச்சே. நீ சொன்னது சரிதான்டா.”

நீ சொன்னது சரிதான். பிறந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

இதை நெடுநாள் இழுக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்த மேலாளர் முன்னால் ஒரே ஒரு தடவை இதைச் சொல்லட்டும், அதோடு விஷயத்தை உடைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். தப்பாக நினைக்காதீர்கள், அண்ணன் தம்பிக்குள் இப்படி ஒரு விளையாட்டு இருக்கத்தான் செய்யும்.

மேலாளரும் வந்தார், ஏதோ ரிமோட் வாங்க. அண்ணன் அப்போது கடையில்தான் இருந்தார். நான் தூண்டிவிடவில்லை. அவராகவே எழுந்துபோய் மேலாளர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்குத் தெரியாம பேசிட்டேன் சார். என் பொழப்பே கண்ணுதான். என் கண்ணால பாத்துச் சொல்றேன், நல்ல கேபிள்னா நல்ல கேபிள்தான். தம்பி ஏமாத்த மாட்டான்.”

மேலாளர் இரண்டு பெட்டி வாங்கிப்போனார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. சரி, இத்தோடு சொல்லிவிடலாம் என்று அண்ணன் பின்னாலேயே படிக்கட்டு வரை போனேன். அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலால் தொட்டுப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தார். இப்போது எதற்குத் தொந்தரவு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி கீழே வந்து உட்கார ஆரம்பித்தார். யார் கேபிள் கேட்டாலும் அவரே பதில் சொல்லிவிடுவார். எடிட்டர் சொன்னால் ஜனங்கள் நம்புகிறார்கள். வியாபாரம் நன்றாகப் போனது, மறைக்க மாட்டேன். ஆனால் அதற்காக நான் செய்யவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மங்கல் திரும்ப வந்தது. வராமல் எங்கே போகும். அவர் குளிக்கப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து நான் மாடிக்குப் போய் மானிட்டர் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வருவேன். ஒன்றிரண்டு நாள் தடுமாறுவார். பிறகு “அந்தக் கேபிளும் போயிடுச்சு போலருக்குடா” என்று அவரே வருவார். நான் அதைவிடத் தடிமனான ஒன்றை மாட்டி, வெளிச்சத்தை ஏற்றிவிடுவேன். முகம் மலர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பழைய அளவைவிடக் கூடுதலாக ஏற்ற வேண்டியிருந்தது. கடைசியில் அதற்கு மேல் ஏற்ற அந்த மானிட்டரில் இடமில்லை.

அவரை நான் கவனிக்காமல் விட்டேன் என்று அண்ணி எழுதியிருந்தால் அது அபாண்டம். என்னைப்போல் யாரும் அவரைக் கவனித்திருக்க மாட்டார்கள். டீ டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்துவிட்டு, விழுந்த சத்தம் கேட்டுத் திகைத்ததைப் பார்த்தேன். கடையின் கண்ணாடிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்றைக்கே கதவில் சிவப்பு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன். அவருக்காகத்தான், இன்னும் இருக்கிறது பாருங்கள். ஒரு கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் அம்மாவைப் பாதி உடம்போடு வெட்டிக் கொடுத்துவிட்டார் என்று அந்த வீட்டார் வந்து கத்திவிட்டுப் போனார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்பியவனும் நான்தான். மானிட்டர் கோளாறு என்று சொன்னேன்.

அண்ணிக்குத்தான் முதலில் உறுத்தியது. அவர் அதிகம் பேச மாட்டார், பார்ப்பார். ஒருநாள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“தம்பி, இவர ஒரு தடவ கண் டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடம் இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று பார்க்கிற பிள்ளையின் முகம். எனக்கே பாவமாக இருந்தது.

“கண்ணாடிக் கடைக்குப் போனா அவங்க கண்ணாடிதான் அண்ணி விப்பாங்க. யாவாரிக்கு யாவாரி புத்தி தெரியாதா? கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. புதுசா ஒரு கேபிள் வருது, அதப் போட்டுப் பாப்போம்.”

“கேட்டியா?” என்று அண்ணன் சிரித்தார். “நான் சொன்னப்ப நீ நம்பல.”

அண்ணி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கீழே வருவார், கடிகாரத்துக்கு பேட்டரி வேண்டும், சில்லறை வேண்டும் என்று. வந்தால் என் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்பார். அண்ணன் குளிக்கிற நேரத்தில் எடிட்டிங் அறையை வெளியிலிருந்து பூட்டிவைக்க ஆரம்பித்தார். என்னைச் சந்தேகப்படுகிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சொந்த வீட்டு ஆட்களையே சந்தேகப்படுகிற புத்தி எனக்குப் பிடிக்காது.

கடைசியில் அண்ணி ஒரு காரியம் செய்தார், அதை இன்றைக்கும் மெச்சிக்கொள்கிறேன். அண்ணனுக்குத் தெரியாமல் என் கேபிளைக் கழற்றிவிட்டு, கூடையில் கிடக்கிறதே, அந்த மாதிரி ஒரு சாதாரணக் கேபிளை மாட்டிவைத்தார். அண்ணனிடம், தம்பி இன்னும் ஒசத்தியானது ஒன்று கொடுத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் தெளிவாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அண்ணி கறுப்புப் பெட்டியோடு கீழே வந்து இதே மேஜையில் வைத்தார்.

“இதுல ஒண்ணும் இல்ல தம்பி.”

“தெரியும் அண்ணி.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நான் மழுப்புவேன் என்று நினைத்து வந்திருப்பார், உங்களைப்போல. மாடிக்குப் போய் அண்ணனைக் கைபிடித்துக் கூட்டிவந்து ஆட்டோவில் ஏற்றினார்.

கண் ஆஸ்பத்திரியில் சொன்னதை அண்ணி வந்து சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி, பார்வை நரம்பு செத்துவிட்டதாம். இடது கண் அநேகமாக முடிந்தது. வலது கண்ணில் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற அளவுக்கு மிச்சம். போனது திரும்பாது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் தினமும் ஒரு சொட்டு மருந்தில் அப்படியே நிறுத்தியிருக்கலாம் என்றாராம் டாக்டர். அண்ணி இதைச் சொல்லும்போது அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, என் அண்ணன் அவர்.

அந்தச் சொட்டு மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். மாடியில் ஃப்ரிட்ஜ் பழுதாகியிருந்தது. இங்கே தண்ணீர் பாட்டில் வைக்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கிறதே, அதில் வைக்கலாம் என்று அண்ணி கதவைத் திறந்தார். உள்ளே அதே மருந்து, அதே பச்சை மூடி, ஏற்கெனவே இருந்தது.

“இது யாரோடது?”

“என்னோடது அண்ணி.”

எனக்குக் கண் விஷயத்தில் அலட்சியம் கிடையாது. அப்பா பட்ட பாட்டைப் பார்த்தவன். அண்ணன் மங்கலாக இருக்கிறது என்று சொல்ல வருவதற்கு வெகு முன்னாலேயே போய்க் காட்டிவிட்டேன். எனக்கும் ஆரம்பித்திருந்தது. தினமும் கடையைச் சாத்துவதற்கு முன் ஒரு சொட்டு, இந்த நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு. இப்போது உங்கள் பேனா மூடி திறந்திருக்கிறது, தாளில் நீங்கள் எழுதியிருப்பது இன்னும் உலராத நீல மை, எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு டாக்டர் என்னிடம், “இது குடும்பத்துல வர்றது. கூடப் பொறந்தவங்க இருந்தா கட்டாயம் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லித்தான் அனுப்பினார்.

கூட்டிப்போக வேண்டும் என்றுதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். அந்த வாரம்தான் வங்கி மேலாளர் டிவி வாங்க வந்தார்.

அண்ணி அந்த ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். மருந்துப் பாட்டில்கள் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி,” என்றார். “கண்ணு போனதத் தாங்கிக்குவாரு. இதத் தாங்க மாட்டாரு.”

அதனால்தான் உங்களிடம் வெறும் கேபிள் மோசடி என்று மட்டும் புகார் கொடுத்திருக்கிறார். எனக்கு ஏதாவது ஒரு தண்டனை வரவேண்டும், அது எதற்கென்று அண்ணனுக்குத் தெரியக்கூடாது. கெட்டிக்காரி. அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்டீர்கள், உங்களிடம் சொல்கிறேன். தெரிந்துதான் செய்தேன். முதல் நாளிலிருந்தே தெரியும்.

கேட்கிறதா? படியில் கால் தடவுகிற சத்தம். அண்ணன்தான், இது அவர் இறங்குகிற நேரம். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

“டேய், யாருடா வந்திருக்கா?”

“கேபிள் விஷயமா வந்திருக்காங்கண்ணே. வெல கூடினது வாங்கலாமா வேணாமான்னு கேக்கறாங்க.”

“தாராளமா வாங்குங்க சார். எனக்குத்தான் இப்ப கண்ணு சரியில்ல, அது வேற கத. நல்லா இருந்தப்ப நானே பாத்திருக்கேன். தம்பி குடுத்த கேபிள் இல்லேன்னா நான் எப்பவோ வேலைய விட்டிருப்பேன்.”

பார்த்தீர்களா, அவரே சொல்கிறார், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்னொன்றையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுத்த கேபிள் ஒன்றுக்குக்கூட நான் காசு வாங்கியதில்லை.